ஒரே பக்கத்தில் கிடந்த டிக்கெட்டுகள்

இந்த அத்தியாயத்தை எழுதலாமா கூடாதா என்று வருஷக்கணக்காக எனக்குள்ளேயே தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. இந்தத் தொடரை எழுதச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து கேட்டபோதே, ஊரைப் பற்றி எழுதுகிறேன், எங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறேன், தம்பியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லித்தான் சம்மதித்தேன்.

ஒவ்வொரு வாரமும் பேனாவைத் தொடுமுன் ஜெபம் பண்ணுவது என் வழக்கம். போன வாரம் மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக்கிழங்கு விளையில் காட்டுப்பன்றி புகுந்த கதையை எழுதி அனுப்பினேன். அடுத்து என்ன என்று ஜெபத்தில் உட்கார்ந்தால் தம்பியின் முகம்தான் வந்து நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தாலும் அதே முகம். அவன் பக்கத்து வீட்டு வராந்தாவில்தான் இருக்கிறான்.

தயங்கியது யாருக்கும் பயந்து அல்ல. எங்கள் சபையில் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கு மிஞ்சியிருக்கிற ஆறுதலை என் எழுத்து பிடுங்கிவிடுமோ என்றுதான் கை நின்றது. இப்போது அவளே எழுது என்று சொல்லிவிட்டாள். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மழை பெய்த அந்த ஞாயிறு

கேரள எல்லைக்குள் இருக்கிற குன்னத்துகால் பக்கம்தான் எங்கள் ஊர். ஆலயத்தின் முன்பகுதிக்கு அப்போது தகரக் கூரை. மழை விழுந்தால் போதகர் சொல்வது பாதிதான் காதில் ஏறும். அன்று விடியற்காலமே பிடித்த மழை, ஆராதனை தொடங்கியும் விடவில்லை.

சுவரோரம் நேசம்மாள் மாமி இருந்தாள். அந்த வாரம்தான் அவளுடைய மகன் ஷிபுவை அடக்கம் செய்திருந்தோம். கள்ளிக்காட்டுப் பக்கம் பெயின்ட் வேலைக்குப் போன பையன், வேலை முடிந்து அணைத் தண்ணீரில் குளிக்க இறங்கினான். ஒரே மகன். அடக்கத்தின்போது மாமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் மாதிரி நின்றாள். எல்லோருக்கும் அதுதான் பயமாக இருந்தது.

வேதபாடம் வாசிக்க என் தம்பி செல்வினைக் கூப்பிட்டார்கள். எங்கள் சபையில் ஆராதனை தமிழில் நடக்கும். ஆனால் பிள்ளைகள் எல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்; தமிழைப் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் தலையைச் சொறிவார்கள். செல்வினுக்கு இரண்டும் தண்ணீர் பட்டபாடு. அதனால் மழைக்காலத்தில் அவன் ஊருக்கு வந்துவிட்டால் பாடம் வாசிப்பது அவன் பொறுப்பு.

அன்றைய பாடம், கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டுக் கொடுத்த பகுதி. வரிசையாகப் பேர்களும் எல்லைகளும்தான் வரும். செல்வின் மேடையில் ஏறினான். புத்தகத்தைப் பார்த்தான். கொஞ்சம் கிட்டே இழுத்தான். பிறகு தள்ளி வைத்தான். ஒரு வரியில் விரலை வைத்தான். வாய் திறக்கவில்லை.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். அவன் புத்தகத்தை மூடினான். கண்ணையும் மூடினான். ஞாயிறு பள்ளியில் நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் மனப்பாடம் பண்ணின ஒரு சங்கீதத்தை, சாவின் இருட்டிலும் தேவன் கூட வருகிறார் என்கிற அந்தச் சங்கீதத்தை, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லத் தொடங்கினான்.

பாதி சொல்லி முடிக்கையில் நேசம்மாள் மாமி வாய் திறந்து அழுதாள். அந்தச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. பெண்கள் பக்கம் முழுவதும் அழுதது. போதகர் எழுதிக்கொண்டு வந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு முழங்காலில் நின்றார்.

ஆவியானவரே பாடத்தை மாற்றிக் கொடுத்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அழுதேன். ஆனால் என் கண் தம்பியின் விரலை விட்டு நகரவில்லை. மூடின புத்தகத்தின்மேல் அது இன்னும் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது.

வேனில் வாசிக்கிறவர்கள்

செல்வின் யார் என்று இன்னும் சொல்லவில்லை. அவன் பந்து விளையாடிப் பிழைத்தவன். மலபார் பக்கம் அணிக்கு ஏழு பேராக நின்று விளையாடுகிற செவன்ஸ் பந்தாட்டத்தில் கோல் காக்கிறவன். மழை தீர்ந்ததும் பாறசாலை ஸ்டேஷனில் ரயில் ஏறுவான். அடுத்த மழைக்குத்தான் வருவான். இன்றைக்கு ஒரு மைதானம், நாளைக்கு வேறொரு மைதானம். பகலில் தூக்கம், சாயங்காலம் வேனில் பயணம், பிறகு ஆட்டம்.

அவனுடைய பையில் கையுறை, பூட்ஸ், தைலக்குப்பி, அதோடு ஒரு தடித்த புத்தகமும் எப்போதும் இருக்கும். எங்கள் தெருமுக்கில் உள்ள வாயனசாலை என்கிற நூலகத்தில் எடுத்த மலையாள நாவல்கள். ஒரு சீசனுக்குப் போகும்போது ஒரு கட்டு கொண்டுபோவான். வாயனசாலைக்காரர் எங்கள் வீட்டை நம்பி விட்டுக்கொடுப்பார்.

பந்து விளையாடுகிறவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. அவன் அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனி உரித்துத் தந்துகொண்டே சொல்லித்தான் மற்றது தெரிந்தது. அவன் டீமில் எல்லோருமே ஏதாவது வாசிக்கிறவர்கள்தான்.

பின்னால் நின்று தடுக்கிற ஒருவன் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. கைடு தவிர வேறொன்றும் தொடமாட்டானாம். போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதி வயது ஏறிக்கொண்டிருந்தவன். வேனில் போகும்போது எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வருவான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பையன் போனில் வேதம் வாசிப்பான். ஆட்டத்துக்கு முன்னால் அவன் சத்தமாக வாசிக்க, எந்த மதத்துக்காரன் ஆனாலும் சேர்ந்து ஆமேன் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்களாம்.

இன்னொருவன் பத்திரிகையில் சாவுப் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பான். என்னத்துக்கு என்று கேட்டேன். ஆட்டம் நடக்கிற ஊரில் பெரிய மனிதர் யாராவது இறந்தால் அன்றைக்கு ஆட்டத்தை மாற்றிவைத்துவிடுவார்கள், கூலி போய்விடும். அதனால் காலையிலேயே பார்த்துவிட்டு, நம்ம ஊரில் ஒருத்தரும் சாகவில்லை, பூட்ஸைத் துடையுங்கள் என்பானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

செல்வினை அவர்கள் வாத்தியார் என்ற அர்த்தத்தில் மாஷ் என்று கூப்பிடுவார்கள். எதிராளி பந்தோடு ஓடி வருகிறபோது பின்னால் இருந்து யாராவது கத்துவார்களாம்: “மாஷே, பந்து வருந்நுண்டு, பேஜ் மடக்கி வெச்சோ.” பந்து வருகிறது, பக்கத்தை மடக்கி வைத்துக்கொள் என்று.

ஏனடா இப்படி விழுந்து விழுந்து வாசிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“கோல்கீப்பருக்கு சும்மா நிக்குததாக்கும் அக்கா வேலை. பந்து எப்பமாவது தான் வரும். பாக்கி நேரம் மனசு அலையும். கதை வாசிச்ச அன்னைக்கு அலையாது” என்றான்.

அவன் பக்கத்தை மடக்கமாட்டான். அன்றைக்கு விளையாடின மைதானத்தின் டிக்கெட்டைத்தான் அடையாளம் வைப்பான். ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒவ்வொரு நிறம். ரோஸ், மஞ்சள், வெளுத்த பச்சை. அடுத்த நாள் வேறு டிக்கெட் வைப்பான், பழையதை எடுக்கமாட்டான். புத்தகம் வீட்டுக்கு வரும்போது உள்ளே வழிநெடுக டிக்கெட் கிடக்கும்.

அவன் வாசித்து முடித்ததை நான் எடுத்து வாசிப்பேன். பத்தாம் கிளாஸோடு நின்றவள் நான். மலையாளம் மெதுவாகத்தான் வரும். ஆனால் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே போவேன். இந்த இடம் வாசித்தபோது அவன் இந்த ஊரில் இருந்தான், இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் அன்றைக்குக் களத்தில் இறங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அவன் தூரத்தில் இருந்த மாதங்களில் அது எனக்குக் கடிதம் வந்த மாதிரி.

கடைசிப் புத்தகம்

அந்த வருஷம் சீசன் முடியப்போகிற சமயத்தில் அவனுக்குத் தலையில் அடிபட்டது. இடதுபக்கம் பாய்ந்திருக்கிறான். முன்னால் வந்த ஆட்டக்காரனின் முழங்கால் கன்னப்பொறியில் பட்டு, தலை போய்க் கம்பத்தில் இடித்திருக்கிறது. ஐஸ் வைத்தார்கள். தலை கறங்கினது தீர்ந்ததும் எழுந்து விளையாடினான். பிறகும் சில மைதானங்களில் நின்றான். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழைக்கு ஊர் வந்தபோது ஆள் மெலிந்திருந்தான். நான் வழக்கம்போலப் புத்தகத்தை எடுத்தேன். பாதிவரைக்கும் டிக்கெட்டுகள் முறையாக இருந்தன. பாதிக்குக் கொஞ்சம் தாண்டி ஒரு பக்கத்தில் ரோஸும் மஞ்சளும் பச்சையுமாக எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கதை நன்றாயில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். கதை பிடிக்காவிட்டால் அவன் அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டான். இது ஒவ்வொரு மைதானத்திலும் எடுத்திருக்கிறான், திறந்திருக்கிறான், டிக்கெட் வைத்திருக்கிறான். பக்கம் மட்டும் நகரவில்லை.

கேட்டேன். கதை போர் அக்கா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறியது போல எனக்குத் தோன்றியது. மழை வெளிச்சத்தில் தப்பாய்த் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிறு.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் தனியாக இருந்தான்.

“எலே, நீ என்னத்துக்கு பாடத்தை மாத்தின?”

“மாத்தல்ல அக்கா. வாசிக்க முடியல்ல. எழுத்து எல்லாம் தெரியுது. க உண்டு, ம உண்டு. சேத்துப் பாத்தா என்ன சொல்லுதுன்னு பிடி கிட்டல்ல. ஆளுவ எல்லாம் பாத்திட்டு இருக்கு. பயந்து போயி, தெரிஞ்சதை சொன்னேன்.”

“அப்பம் ஆவியானவரு?”

“அது எனக்கு தெரியாது. எனக்கு பயம் தான் உண்டு.”

காலையில் நெய்யாற்றின்கரைக்குப் போய் டாக்டரைப் பார்ப்போம் என்றேன். அவன் என் கையைப் பிடித்தான். தலைக்குப் படம் எடுத்தால் விஷயம் வெளியே போகும், ஓணம் கழிந்து மானேஜர் அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார், எழுத்துப் பிடிகிட்டாத ஆளுக்குப் பந்து மட்டும் எப்படிப் பிடிகிட்டும் என்று கேட்பார் என்றான். அதுவரை பொறுக்கச் சொன்னான். பந்து போய்விட்டால் தனக்கு வேறு தொழில் தெரியாது என்றான்.

வீடு நிறைந்த ஜனம்

மறுநாள் முதல் அவன் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காய்ச்சல் பிடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளைகள் வந்தார்கள். நேசம்மாள் மாமி வந்து அவன் இரண்டு கையையும் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு நான் எந்த வாயால் என்ன சொல்வது?

அவன் பெண்டாட்டி ஷைனியையும் நான் குறை சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வராமல் பந்து உதைக்கப் போகிறவனின் மனைவி என்று எத்தனை பேச்சுக் கேட்டவள். முன்வரிசையில் இருக்கிற பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை. இப்போது அவர்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

நான் டாக்டர் பேச்சை எடுத்தபோது அவள் கண் நிறைந்துவிட்டது. மதினி என்பதை அவள் மைனி என்றுதான் சொல்வாள். “மைனி, தேவன் எடுத்து உபயோகிக்குத ஆளை ஆசுத்திரிக்கு கொண்டு போயி, தலையில கோளாறுன்னு எழுதி வாங்கணுமா?” என்று கேட்டாள்.

தலைவலி என்று அவன் படுத்தால் சோதனை என்றார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தியானம் என்றார்கள். வலதுகையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. அதற்கு மட்டும் யாரும் பேர் வைக்கவில்லை. ஷைனி துடைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவனை ஜெபிக்கச் சொன்னார்கள். இரண்டு வாக்கியம் சரியாக வந்தது. பிறகு வார்த்தைகள் உடைந்தன. தமிழுமில்லை, மலையாளமுமில்லை. சத்தம் மட்டும் வந்தது. ஒரு பெண் ஸ்தோத்திரம் என்றாள். ஆவியானவர் பேசவைக்கிற பாஷை என்று நினைத்து, அந்நிய பாஷை, அந்நிய பாஷை என்று வீடெங்கும் குரல் எழும்பியது. என் தம்பி கண்ணைத் திறந்து என்னைத் தேடினான். கூட்டத்தில் வழிதப்பின பிள்ளை பார்க்கிற பார்வை அது.

அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் முழங்காலில் நின்றேன். நான்தான் விசுவாசக் குறைவோடு பார்க்கிறேனா, தேவன் செய்கிறதை நோய் என்று சொல்கிறேனா என்று கேட்டேன். காலையில் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

போதகர் சின்ன வயதுக்காரர். முகம் வெளுத்துவிட்டது. மருந்தும் தேவன் தந்ததுதான், உடனே கொண்டுபோங்கள் என்றார். அவரே வந்து செல்வினிடமும் ஷைனியிடமும் பேசினார். செல்வின் தலையை ஆட்டினான். ஓணம் வருகிறதே, ஊர் மைதானத்தில் ஆட்டம் வைத்திருக்கிறார்களே, தன் பேரைப் போட்டு போஸ்டர்கூட ஒட்டிவிட்டார்களே, அது கழிந்த மறுநாள் வருகிறேன் என்றான். ஊர்க்காரர்களுக்கு முன்னால் ஒருதடவை நின்றுவிட்டு வருகிறேன் என்று அவன் சொன்னவிதத்தில், திரும்பவும் நிற்கமாட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது போல இருந்தது. ஆட்டம் கழிந்த மறுநாளுக்கு வண்டி சொல்லிவைக்கிறேன் என்று போதகர் எழுந்தார்.

கூட்டம் சிரித்தது

ஓணத்துக்கு ஊர் மைதானத்தில் பிள்ளைகளும் கிழவர்களும்கூட நிற்பார்கள். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. மைக்கில் செல்வின் பேரைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். பந்து உதைப்பவர்களைத் திரும்பிப் பார்க்காத சபை மூப்பர்கள்கூட அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலியோரம் நின்றேன்.

கொஞ்ச நேரம் பந்து அவன் பக்கமே போகவில்லை. அப்படியே முடிந்துவிட வேண்டும் என்று ஜெபித்தேன்.

அப்போது நடுவிலிருந்து ஒரு பையன் சும்மா தட்டிவிட்டான். வேகமே இல்லாத பந்து. நேராகத் தரையில் உருண்டு வந்தது. குழந்தைகூடக் குனிந்து எடுத்துவிடும். செல்வின் வலதுபக்கம் முழு நீளத்துக்கும் பாய்ந்தான். அங்கே பந்து இல்லை. பந்து அவன் நின்ற இடத்தின் வழியாகப் பைய உருண்டு வலைக்குள் போனது.

கூட்டம் சிரித்தது. ஓணத்துக்கு வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தார்கள். மைக்கில் இருந்தவர்கூட ஏதோ தமாஷ் சொன்னார். செல்வின் எழும்பவில்லை. அதையும் நடிப்பு என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். வேலியைத் தாண்டி நான் ஓடியபோதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அவன் வாயோரத்தில் நுரை வந்திருந்தது. வலதுகை மட்டும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். மண்டையைத் திறந்துதான் உயிரைக் காப்பாற்றினார்கள். மூளைக்குமேல் இரத்தம் கசிந்து கசிந்து தேங்கி, மூளையை ஒருபக்கமாக அழுத்தியிருந்தது என்று டாக்டரம்மா மலையாளத்தில் விளக்கினார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த ஆளுக்கு வாசிக்கிற பழக்கம் உண்டா, அதில் ஏதாவது மாற்றம் கண்டீர்களா என்று. நான் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். ஆலயத்தில் நடந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அப்போதே கொண்டுவந்திருந்தால் சின்னதாக ஒரு துவாரம் போட்டு வடித்துவிட்டிருக்கலாம், பெரும்பாலும் பழையபடி ஆகியிருப்பார் என்றார். குற்றம் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிஞ்சினது

செல்வின் இருக்கிறான். வலதுகால் இழுத்து நடக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்ற வார்த்தை வராது, கையைக் காட்டுவான். ஷைனி என்று கூப்பிட வராமல் அழுவான். அவள் இப்போது முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறாள். அவனைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, என்னிடம் விட்டுவிட்டுத்தான் போவாள். அவளைப் போல ஒருத்தி கிடைப்பது அபூர்வம்.

ஆனால் அந்தச் சங்கீதத்தின் முதல் வார்த்தையை யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும். கடைசிவரை தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவான். சின்ன வயதில் மனதில் ஏறினது சிலருக்கு அப்படி மிஞ்சும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் ஜனம் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. ஆட்கள் திரும்பவும் வரத் தொடங்கினார்கள். எங்கெங்கோ இருந்து வேன் பிடித்து வந்தார்கள். முதல் வார்த்தையை எடுத்துக்கொடுப்பார்கள், அவன் சொல்லுவான், அழுவார்கள், போவார்கள். சொல்லி முடித்தால் அவனுக்கு வேர்த்து, அன்று முழுக்கத் தலைவலி இருக்கும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் கல்ஃபில் இருக்கிற எங்கள் சொந்தக்காரி ஒருத்தி என் போனுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். யாரோ ஒருவர் உருக்கமாகப் பேசுகிறார். எழுத்தறிவே இல்லாத ஒரு முரட்டுப் பந்தாட்டக்காரன், குடிகாரன், ஒருநாள் தற்செயலாக ஆலயத்துக்குள் வந்தான், வேதத்தைத் திறந்தான், படிக்காமலே வாசித்தான், முகத்தில் ஒளி வீசியது என்று. ஊர்ப் பேரும் சரியாக இருந்தது. எத்தனையோ பேர் கைமாறி வந்த செய்தி அது என்று போனிலேயே போட்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் அதிகம் வாசித்தவன் அவன். கள்ளைத் தொட்டவனில்லை. நான் போனை அரிசிப் பானைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அன்று மத்தியானமே நேசம்மாள் மாமி குடையோடு வந்தாள். அவளுக்கும் யாரோ அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

“மக்கா, இதில சொல்லுதது உனக்க தம்பியையா?”

“ஆமா மாமி.”

“அவனுக்கு வாசிக்க தெரியாதுன்னு சொல்லுதாவளே. எனக்க ஷிபுவுக்கு கதை புஸ்தகம் கொண்டு குடுத்தது அவனாக்கும்.”

அதற்குமேல் என்னால் ஒளிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், எழுத்துப் பிடிகிட்டாமல் போனது, பயந்துபோய் தெரிந்ததைச் சொன்னது, டாக்டரம்மா சொன்னது எல்லாம். மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அன்னைக்கு அவன் பயந்திட்டா நின்னான்?” என்று மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு கெடச்சதை தேவன் தந்தாரு. அதில மாற்றம் இல்ல. ஆனா நாங்க எல்லாரும் அழுது, கண்ணைத் தொடைச்சிட்டு வீட்டுக்குப் போனோம். அவனுக்கு என்னன்னு ஒருத்தரும் கேக்கல்லியே மக்கா.”

மறுநாள் ஒரு வேன் வந்தது. இறங்கின ஆட்களை மாமி வாசலிலேயே நிறுத்தினாள். “அவனுக்கு சுகமில்ல. இனி சொல்லமாட்டான். ஜெபிக்கணும்னா உங்க வீட்டில இருந்து ஜெபிச்சாலும் தேவனுக்கு கேக்கும்” என்றாள். அவர்கள் அவள் யார் என்று தெரியாமல் முறைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சங்கீதத்தைக் கேட்டு முதலில் அழுதவளே இவள்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் தினமும் வந்து வராந்தாவில் இருக்கிறாள். வேன்கள் குறைந்துவிட்டன. “நடந்ததை நீயே எழுது மக்கா” என்று அங்கே இருந்துதான் ஒருநாள் அவள் சொன்னாள்.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எதையாவது மாற்ற வேண்டுமா மாமி என்று கேட்டேன். “ஒண்ணும் மாத்தாண்டாம்” என்றாள்.

வாசிக்கிற உங்களிடமும் அதையே கேட்கிறேன். அந்தக் குரல்செய்தி போன இடமெல்லாம் இதுவும் போகட்டும். யாருக்குச் சொன்னாலும் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். ஒளியைச் சேர்க்காதீர்கள். டாக்டரம்மாவை எடுத்துவிடாதீர்கள். மைதானத்தில் நாங்கள் சிரித்ததை மறைக்காதீர்கள். நேசம்மாள் மாமி அழுததும் உண்மை, என் தம்பி பயந்ததும் உண்மை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

வாயனசாலைக்காரர் டிக்கெட்டுகள் கிடந்த அந்தப் புத்தகத்தை எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அது இப்போது செல்வினின் மடியில்தான் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்: அவன் அதைப் பாதிக்கு மேல் வாசித்தவன். மீதியை எங்கிருந்து வாசிக்க வேண்டும் என்று டிக்கெட் வைத்திருக்கிறான்.